நூல் அளந்த வானவழி

போன வாரம் சென்னையிலிருந்து என் மகள் வந்த விமானம் மூன்று மணி நேரம் தாமதமாக மதுரையில் இறங்கியது. இறங்கியதே போதும். வந்துசேரும் நேரத்தை அவள் கடிதத்தில் எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். "ஏம்மா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

யுத்த காலத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது மதுரை கோரிப்பாளையத்தில் குடியிருந்தோம். தம்பிக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. மூச்சு விடும்போதெல்லாம் சீட்டியடிப்பது போலச் சத்தம் வந்தது. அதற்கான ஊசிமருந்து ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. டாக்டர் சென்னைக்குத் தந்தி கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் தபால் விமானத்தில் திருச்சிக்கு அனுப்புவதாகப் பதில் வந்தது. அங்கே வாங்கிவர மாமா அன்றே ரயிலேறினார். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊசி போட்டாகணும்" என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னது அம்மாவின் காதிலும் விழுந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் எங்கள் இருவருக்குமே பெருமை. மறுநாள் அப்பா விடியலிலேயே பஸ்ஸை எதிர்பார்த்து முக்கு ரோட்டுக்குப் போய்விட்டார். என் கணக்கைத் திருத்த வீட்டில் ஆள் இல்லை. பூகோளப் படத்தை விரித்து, பூக்கட்டும் நூலால் சென்னையிலிருந்து திருச்சிக்கு அளந்தேன். இருநூறு மைல். விமானம் மணிக்கு நூறு மைல் போகும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கையில் நூல் மிச்சமிருந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்கும் அதையே இழுத்துவிட்டேன்.

"எம்புட்டு நேரமாகும்டி?"

"ரெண்டே முக்கா மணி நேரந்தாம்மா. ஒம்பதே முக்காலுக்கு மருந்து நம்ம வீட்ல இருக்கும்."

பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க அம்மா என்னை ஓட ஓட விரட்டினாள். பத்து ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. பன்னிரண்டுக்கு அம்மா கேட்டாள்: "ஏண்டி, அது எங்கயும் விழுந்து கிழுந்து போச்சா?"

மறுபடியும் அளந்தேன். அதே ரெண்டே முக்கால்தான் வந்தது. "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் மணி கேட்கவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அப்பாவும் டாக்டரும் ஓடிவந்தார்கள். பின்னால் மருந்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, முகமெல்லாம் கரியாக மாமா. பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்கள் அடுப்புக்கரியை எரித்து ஓடிய காலம் அது.

ஊசி போட்டு, பொழுது சாயும் நேரத்தில் தம்பியின் சீட்டிச் சத்தம் மெல்லத் தணிந்தது. அப்போதுதான் மாமா வாய் திறந்தார். "விமானம் ஒம்பதுக்கே டாண்ணு வந்துருச்சுக்கா. இந்தக் கரி பஸ்ஸுதான் மேட்டைக் கண்டா படுத்துக்கிருது. அது என்னய எங்க ஏத்திட்டு வந்துச்சு? நான்ல அதத் தள்ளிட்டு வாரேன்!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்தியாம்மா, ஒம்பதுக்குத் திருச்சி! என் கணக்கு சரிதான?" என்று குதித்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என் கையிலிருந்த நூலை வாங்கி அடுப்பில் போட்டாள்.

மருந்தும் வந்துவிட்டது, தம்பியும் பிழைத்துவிட்டான், கணக்கும் தப்பவில்லை. பிறகு அந்த நூல் என்ன பாவம் செய்தது என்றுதான் அன்று எனக்கு விளங்கவேயில்லை.