தாகமே எடுக்காத பெண்கள்

ஹோமியோபதி வைத்தியரிடம் போய் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்: நோயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நாங்கள் கேட்கும் கேள்விகளைத் தாங்க முடியாது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் நானும் அந்தக் கொடுமைக்காரர்களில் ஒருத்தி.

அழுகை வருமா?

அன்று என்னிடம் வந்த சுமதி, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் லைனில் நிற்பவள். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, அடிவயிறு வலிக்கிறது, அதனால் லீவு. கண்ட்ராக்ட் வேலை; இன்னொரு லீவு போட்டால் வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

எனக்கு உடனே பல்சடில்லா ஞாபகம் வந்தது. ஐரோப்பாவில் பூக்கும் ஒரு ஊதாப்பூச் செடியிலிருந்து எடுக்கும் மருந்து. சட்டென்று அழுதுவிடுகிற, காற்றாட இருக்க விரும்புகிற, தாகமே எடுக்காத பெண்களின் மாதவிடாய்த் தொல்லைக்கு என்று எங்கள் பழைய புத்தகங்கள் சொல்கின்றன. தாகம் எடுப்பதே இல்லை என்றாள். அழுகை வருமா என்றேன். கண் கலங்கிக்கொண்டே சொன்னாள்: "அழுவறதுக்கு எங்க மேடம் டைமு? ட்ரெயின் புடிக்கவே சரியா இருக்குது."

புருஷன் தின்ற மருந்து

நாலாம் நாள் சுமதியின் மாமியார் மூச்சு வாங்க வந்தார். நான் சுமதிக்குக் கொடுத்தனுப்பிய மருந்து சர்க்கரை உருண்டை. தித்திப்புப் பைத்தியமான அவர் மகன் பாட்டிலோடு வாயில் கவிழ்த்துக்கொண்டு விட்டானாம். "பொம்பளைங்க மருந்தாச்சே, அவனுக்கு இன்னா ஆவும்?" என்றார். ஒன்றும் ஆகாது, அழுகைகூட வராது என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "வந்தா நல்லாருக்கும் மேடம். பொண்டாட்டி அழுவுறப்பகூட டிவி பாத்துக்கினு இருக்கான்."

ஒரே லைன், ஒரே அறிகுறி

அடுத்த முறை சுமதி தன் லைனிலிருந்து இரண்டு தோழிகளையும் கூட்டி வந்தாள். அவர்களுக்கும் அடிவயிற்று வலி, அவர்களுக்கும் தாகமில்லை. புத்தகத்தில் இருப்பது அப்படியே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்து பாட்டிலைத் திறந்த பிறகுதான் உறைத்தது: மூன்று பேருக்கும் எப்படி ஒரே மாதிரி தாகம் போகும்?

விசாரித்தேன். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே டோக்கன், அதுவும் சூப்பர்வைசர் பாக்கெட்டில். அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. சிறுநீர் போகும்போது எரியுமா என்றேன். மூன்று தலையும் ஆடின. பாட்டிலை மூடிவிட்டு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுங்கள், மாதவிடாய்க்கும் லேடி டாக்டரைப் பாருங்கள் என்றேன். எழுந்து போகும்போது சுமதி சொன்னாள்: "தாகம் இருக்குது மேடம். டோக்கன்தான் இல்ல."

மேனேஜர் ரூம் வாசலில்

ஆஸ்பத்திரியில், சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். டோக்கன் விஷயத்தைக் கேட்டால் வேலை போகும், கேட்காவிட்டால் உடம்பு போகும். சுமதி கேட்டேவிட்டாள். தனியாக அல்ல, லைன் பெண்கள் அத்தனை பேரும் தண்ணீர் பாட்டிலோடு மேனேஜர் ரூம் வாசலில் போய் நின்றார்கள். "லீவு வேணாம் சார், தண்ணி குடிக்க உடுங்க, லீவே போட மாட்டோம்" என்றாளாம். டோக்கன் அன்றோடு ஒழிந்தது, வேலையும் தப்பியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சொல்ல வந்தவள் பேச்சுக்கு நடுவே என் கேன் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்துத் தீர்த்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், உங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

பல்சடில்லாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பெரியவர்கள் யாரும் பேக்கிங் லைனில் நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.