துண்டையும் ஓர் ஆளாக எண்ணினேன்

பம்பாயில் டிராம் ஓட்டம் நின்ற வருஷம். தாராவிப் பட்டறை இளவட்டங்கள் முப்பது பேர் வாடகை பஸ்ஸில் லோனாவலா மலைக்குச் சுற்றுலா கிளம்பினோம். ஆள் எண்ணும் பொறுப்பு எனக்கு. மலையடிவாரத்தில் டீ குடித்து ஏறியபோது, முருகன் இடம் பிடித்துப் போட்டிருந்த துண்டு சீட்டில் கிடந்தது. உள்ளேதான் எங்கோ நிற்கிறான் என்று அவனையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

பாதி மலையில் ஒருவன், "ஏலே, முருகனக் காணோம்!" என்றான். முருகன் ஊரிலிருந்து வந்து ஒரு வாரம்தான். அவனுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்தப் பாதையில் பஸ்ஸைத் திருப்ப முடியாது என்று டிரைவர் கையை விரித்தார். உச்சிவரை போய்த் திரும்பி இறங்கும்வரை நான் உட்காரவே இல்லை.

டீக்கடை வாசலில் மழையில் நனைந்தபடி நின்றான். "நீங்கதான அண்ணே ஆள் எண்ணுதிய. எப்படியும் வந்துருவியன்னு நின்னேன்" என்றான்.

இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குரல் கேட்ட பிறகே பஸ்ஸை எடுக்கச் சொல்கிறேன். துண்டு பதில் சொல்லாது.