மூன்று நீல டிரம்கள்

போட்டித் தேர்வுக் கையேடுகளுக்குப் பிழை திருத்துவது என் வேலை. சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே செய்வேன். நடப்பு நிகழ்வுகள் பகுதியில் ஒரு கேள்வி வருடா வருடம் வரும்: நாடுகள் தம்மிடம் இருப்பதாக அறிவித்த ரசாயன ஆயுதங்களை அழித்து முடித்துவிட்டனவா? 'இல்லை, கெடு நீட்டிக்கப்பட்டுள்ளது' என்பது விடை. நம் நாடு எப்போதோ முடித்துவிட்டது. பெரிய நாடுகள்தான் இழுத்துக்கொண்டே போயின. எரிக்கலாம் என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் புகை வேண்டாம் என்றார்களாம், வேறு வழி கண்டுபிடித்து ஆலை கட்ட இன்னும் பல வருடமாம். "செய்யத் தெரிஞ்சவனுக்கு ஒழிக்கத் தெரியலையாக்கும்" என்று தாளைப் பார்த்துத் திட்டுவேன்.

நான் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் எங்கள் கொல்லையில் மூன்று நீல டிரம்கள் நின்றன. என் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். அவர் போன பிறகு ஒன்றில் ஆசிட்டும் மற்ற இரண்டில் சாயக் கழிவும் அப்படியே கிடந்தன. ஆயுத பூஜைக்கு அடுப்புக்கும் அண்டாவுக்கும் பொட்டு வைப்பதுபோல டிரம்முக்கும் வைப்போம். ஆசிட் பட்டுக் குங்குமம் நிற்பதில்லை என்று, அவர் இருந்த கடைசி வருடம் பெயிண்டிலேயே மூன்று மஞ்சள் கோடும் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவற்றை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. பொட்டு வைத்ததை வெள்ளிக்கிழமை வெளியே விடக் கூடாது, ஆடியில் கூடாது, மார்கழியில் கூடாது. வைகாசியில் கருட சேவைக்கு வீடு நிறைய ஆட்கள். இப்படியே நானும் கெடுவை நீட்டினேன்.

தாமலில் கட்டிக்கொடுத்த என் மகள் தலைப்பிரசவத்துக்கு வர வேண்டியிருந்தது. சின்ன வயதில் அந்த ஆசிட்டில் கை வைத்தவள் அவள். இடது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு இன்றும் உணர்ச்சி கிடையாது. அதற்கப்புறம் எங்கள் கொல்லைப் பக்கமே அவள் எட்டிப் பார்த்ததில்லை.

"அந்த டிரம்மு போனாத்தான் வருவேம்மா. குழந்தைய வெச்சிக்கினு அது பக்கத்துல என்னால இருக்க முடியாது" என்றாள் போனில்.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தபோது, கடைசி நாடும் அழித்து முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. 'ஆம், அறிவித்த ஆயுதங்கள் அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன' என்று விடையை மாற்றினேன். வரி நீளுகிறது, ஒரு சொல்லைக் குறையுங்கள் என்றார் அச்சகக்காரர். 'அறிவித்த' என்ற சொல்லை எடுத்தேன். கடலில் கொட்டியதும், அடுத்தவன் நாட்டு மண்ணில் புதைத்துவிட்டுப் போனதும் அந்தக் கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் எடுத்தேன்.

அவ்வளவு பெரிய நாடே முடித்துவிட்டது, எனக்கு என்ன கேடு என்று வெட்கமாக இருந்தது. மறுநாளே ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து பழைய சாமான் எடுக்கும் டெம்போக்காரரை வரச் சொன்னேன்.

"எங்க கொண்டு போவீங்க?"

"அதெல்லாம் ஒழிச்சிடுவோம்மா. கவலைய வுடுங்க."

விட்டுவிட்டேன். மகளிடம் "ஒழிச்சாச்சு" என்றேன். அவள் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் குழந்தையைத் தாமலுக்குக் கொண்டுபோய் விட்டோம்.

சித்திரையில் ஒரு காலை மகள் போட்டோ அனுப்பினாள். அவள் மாமியார் காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டுகிறார். பின்னால் தண்ணீர் நிரம்பிய நீல டிரம். மூன்று மஞ்சள் கோடு, நடுவில் சிவப்புப் பொட்டு.

போன் செய்தேன்.

"அதுவாம்மா? குழந்தை வர்றதுக்கு முன்னாடியே அத்தை வாங்கினாங்க. டெம்போல கூவிக்கினு வந்தானாம். பொட்டு வெச்சிருக்குது, லட்சணமா இருக்குதுன்னு இதையே எடுத்தாங்களாம்."

"அந்தத் தண்ணிய கொட்டிடு. அது நம்ம வூட்டு டிரம்மு."



"ஒழிச்சாச்சுன்னு சொன்னியேம்மா."

பஸ் பிடித்துப் போனேன். சம்பந்தியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கடப்பாரை வாங்கி நானே டிரம்மை உடைத்தேன். உள்சுவரில் அடியோரமாகச் சிவப்புச் சாயம் ஒரு விரல் உயரத்துக்குப் படிந்திருந்தது. மற்ற இரண்டையும் யார் வீட்டில் லட்சணமாக இருக்கிறதென்று வாங்கினார்களோ. டெம்போக்காரரின் நம்பருக்கு அடித்தால் அது உபயோகத்தில் இல்லை என்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் மரத்துப்போயிருந்தது.

குழந்தையின் முதுகில் செந்தடிப்பு இருந்தது. வேர்க்குரு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்களாம். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, பத்து நாள் பார்க்கலாம் என்றார். மகள் திண்டில் சாய்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, இடது கையால் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் தடிப்பா இருக்குதா, நீ தொட்டுப் பாரும்மா. எனக்கு இந்த விரல்ல தெரியல."