சிவப்புப் பென்சில் படாத வரிகள்

1. கையெழுத்து போடாத வியாழக்கிழமை

எண்பத்தேழாம் ஆண்டு. மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் சேர்ந்து நான்கு மாதம். லோரி எடை மேடைக்குப் புதிதாக ஒரு புரோகிராம் வந்திருந்தது. பழத்தோடு லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. இரண்டையும் திரையில் பதிய வேண்டும். அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

பழைய எடைச் சீட்டுகள் நாற்பதை எடுத்து அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தன. பிரிவுத் தலைவர் தனபாலன், சோதனை முடிந்தது என்ற ஒப்புதல் பாரத்தை என் முன்னால் வைத்தார்.

“கலா, சைன் பண்ணும்மா. திங்கக்கிழம டைரக்டர் வராரு, அன்னைக்கே ஆரம்பிச்சிடலாம் லா.”

“சார், நாப்பது லோரியும் ஒரே மாதிரி தான் வந்துச்சு, ஒரே மாதிரி தான் போச்சு. புரோகிராம்ல எத்தன வரி ஓடுச்சுன்னு எனக்கே தெரியல.”

“அத எப்படி எண்ணுவ?”

எனக்கும் அப்போது தெரியாது. “ரெண்டு நாள் குடுங்க சார்” என்றேன்.

2. பாதி வெள்ளை

அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்த பேசிக் மொழியில் ட்ரேஸ் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், புரோகிராம் எந்த வரியைத் தொடுகிறதோ அந்த வரியின் எண் திரையில் விழுந்துகொண்டே போகும். முழுப் புரோகிராமையும் காகிதத்தில் அச்சடித்து மேசையில் விரித்தேன். அதே நாற்பது சீட்டுகளை மறுபடி அடித்தேன். எண் விழ விழ, அந்த வரியின்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பார்த்தால், ஏறக்குறைய பாதிக் காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. நாங்கள் சோதித்துவிட்டதாக நினைத்ததில் பாதியை யாரும் தொடவே இல்லை.

மறுநாள் அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். அங்கே எடைக் கணக்கு எழுதும் கிராணி செல்லையா அண்ணன். பதினெட்டு வருடம் கையால் சீட்டு எழுதியவர், கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிப்பவர்.

“அண்ணே, உள்ள வந்து எடை போட்ட லோரிய ரத்து பண்றதுக்கு ஒரு பட்டன் இருக்கு, அதோட வரி ஒண்ணுகூட ஓடல. அப்படி எப்பவாச்சும் நடக்குமா?”

“ஏன் நடக்காது? பழம் காயா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. மாசத்துல ரெண்டு மூணு தடவ நடக்கும்.”

நாற்பது சீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. திரையில் ஆறு லோரிகளை உள்ளே விட்டு, மூன்றாவதை ரத்து செய்தேன். மூன்றாவது போயிற்று. கூடவே மற்ற ஐந்தும் போயின. பட்டியல் காலி.

செல்லையா அண்ணன் திரையையே பார்த்தார். “ஐயோ, மத்த லோரிக்காரன் என்னாம்மா பண்ணுவான்?”

3. தள்ளிப்போட்ட திங்கட்கிழமை

தனபாலன் வீட்டுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்தார், கோபமாக.

“மாசத்துல ரெண்டு தடவ நடக்கறதுக்கு டைரக்டர் வர்ற நாள மாத்தச் சொல்றியா?”

என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இருந்தாலும் சொன்னேன்: “பழத்த கொட்டிட்டு நிக்கிற லோரிக்கு உள்ள வந்த எடை அழிஞ்சா, மறுபடி எங்க சார் போய் எடை போடுறது? நீங்களே ஒரு தடவ அழுத்திப் பாருங்க.”

மறுபடி ஆறு லோரிகளை உள்ளே விட்டேன். அவரே அழுத்தினார். திரை காலியானது. போனை எடுத்து, கோலாலம்பூரில் புரோகிராம் எழுதியவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். அடுத்து டைரக்டரின் உதவியாளருக்குப் போன். “திங்கக்கிழம இல்ல. முடிவு என்னோடது” என்றார். என் பேரை இழுக்கவே இல்லை.

அடுத்த வாரம் முழுக்க நானும் செல்லையா அண்ணனும் ஒவ்வொரு வெள்ளை வரியாகப் போனோம். “இது ஓடணும்னா லோரிக்காரன் என்னா பண்ணணும்?” என்று நான் கேட்பேன், அவர் நடந்த கதை ஒன்றைச் சொல்வார். இன்னும் இரண்டு தவறுகள் அகப்பட்டன. கடைசியில் பதினோரு வரிகளை மட்டும் எங்களால் ஓடவைக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எழுதிப் பாரத்தோடு இணைத்து, அப்புறம்தான் கையெழுத்து போட்டேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கையெழுத்து இன்றைக்கும் பெருமைதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் வேலைக்கு வந்த மூன்றாம் நாள், நீளமான லோரி எண் ஒன்றின் கடைசி இலக்கம் சீட்டில் விழவில்லை என்று செல்லையா அண்ணன் கண்டுபிடித்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். லோரி எண்ணை அச்சடிக்கும் வரியில் என் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது.

இன்று இதே வேலையைச் செய்யும் பிள்ளைகளுக்குக் எத்தனை வரி ஓடியது என்ற கணக்கை இயந்திரமே எடுத்துக் கொடுக்கிறது. நூற்றுக்கு நூறு என்று காட்டுகிறார்கள். பாராட்டுகிறேன். வெள்ளை வரி, நாம் இன்னும் போகாத இடம். சிவப்பு வரி, நாம் போன இடம். போனபோது ஒழுங்காகப் பார்த்தோமா என்று மட்டும் அந்தக் கோடு சொல்லாது.