வாத்தைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவின் கணவர் சலவைக் கடையில் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். யாராவது தொழில் என்ன என்று கேட்டால் மட்டும், "நான் வாத்துக்காரன்" என்பார் மாமா.

வாத்து என்பது உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம் கருவி. மஞ்சள் நிறம். முன்னால் அலகு போல ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றினால்தான் திரையில் எதுவும் நகரும். உலகம் அதைச் சீந்தவே இல்லை. தயாரித்த கம்பெனியும் கையைக் கழுவிவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மாமாவும், பள்ளி பஸ் ஓட்டும் டிரைவரம்மாவும், ஒரு பல் டாக்டரும், திரைச்சீலை தைக்கும் தையல்காரரும்தான். ஞாயிறு மதியம் கடை விடுமுறை. துணி மடிக்கும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து திருகிக்கொண்டிருப்பார்கள்.

உதிரி பாகம் எங்கும் கிடைக்காது. அதனால் ஒரு வாத்து படுத்துவிட்டால், அந்த வாரம் ஆட நேரமில்லாதவர் தன்னுடையதிலிருந்து வேண்டியதைக் கழற்றித் தருவார். திருப்பிக் கேட்பது அநாகரிகம்.

"உங்க கூட்டத்துல ஒருத்தருக்கு ஜலதோஷம் பிடிச்சா இன்னொருத்தர் மூக்கைக் கழட்டிக் குடுப்பீங்க போல" என்பாள் அக்கா.

மாமாவின் உயிர் ஊர் கட்டும் விளையாட்டில் இருந்தது. வருஷக்கணக்காகக் கட்டிய ஊர். பாலம், துறைமுகம், அக்கா பெயரில் ஒரு கலங்கரை விளக்கம். ஒரு சண்டைக்குப் பிறகு அந்தப் பெயரை மீன் சந்தைக்கு மாற்றிவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு நானும் போயிருந்தேன். தையல்காரர் தாமதமாக வந்தார். கையில் பளபளவென்று பெரிய திரையோடு ஒரு புதுக் கருவி. பிணம் விழுந்த வீடு போல ஆகிவிட்டது கடை.

"தாராளமா வெச்சுக்கோங்க" என்றார் டிரைவரம்மா. "மேஜை மேல மட்டும் வைக்காதீங்க. வாத்துங்க பயந்துக்கும்."

தையல்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "இவ்வளவுதானா நம்ம பழக்கம்? சரி, என் வாத்தைக் குடுங்க. என்கிட்ட இருக்கிறது வெறும் கூடு. இரவல் குடுத்த என் பாகமெல்லாம் வேணும்."

எதெது அவருடையது என்று யாருக்குத் தெரியும் என டாக்டர் மழுப்பினார். தையல்காரருக்குத் தெரிந்தது. கொடுத்த ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்திருந்தார்.

வாத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். டாக்டர் பழக்கதோஷத்தில் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அவருடையதில் ஸ்பீக்கருக்கு முடிச்சு. டிரைவரம்மாவுடையதில் திருகுக்கு. மாமாவுடையதில் மெமரி போர்டுக்கு. மாமா கட்டிய ஊர் மொத்தமும் அதில்தான் இருந்தது.

தையல்காரர் மற்ற இரண்டையும் தன் கூட்டில் பொருத்திக்கொண்டிருந்தார். டாக்டர் மாமாவின் காதருகே குனிந்தார். "நூலைப் பிடுங்கிடுங்க. வலிக்காது."

மாமாவின் விரல் நூல் வரைக்கும் போனது. கத்தரிக்கோல் வைத்திருப்பவரோடு சண்டை வேண்டாமே என்று நினைத்துக்கொண்டேன். மாமா விரலை எடுத்துவிட்டார்.

"இந்தாப்பா. இதுவும் உன்னோடதுதான்."

தையல்காரர் போர்டையும் மாட்டி வாத்தை உயிர்ப்பித்தார். மாமாவின் ஊர் திரையில் விரிந்தது. 'இதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா?' என்று கேட்டது வாத்து. தையல்காரரின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. மாமா சுவரில் இருந்த சோப்பு விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"யோவ், துறைமுகத்துக்கு ஏன்யா ரோடே போடல?" என்றார் தையல்காரர்.

"நடுவுல மலை இருக்கு."

"சுத்திப் போடணும். வளைச்சு வெட்டத் தெரியாதா உனக்கு?" திருகு சுழல ஆரம்பித்தது.

"பாலத்தைத் தொடாதே! டேய், பாலத்தைத் தொடாதேடா!"

அன்று சாயங்காலம் வரை இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கருவி எங்கே போனது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

இப்போது ஊர் தையல்காரரிடம் இருக்கிறது. மாமா அங்கே வெறும் குடிமகன். வேலை முடிந்ததும் தையற்கடைக்குப் போய்விடுகிறார்.

"சின்ன வீடு வெச்சிருக்கிறவன்கூட இப்படி அலைய மாட்டான்" என்கிறாள் அக்கா.

மாமாவுக்கு அதெல்லாம் காதில் விழுவதில்லை. மீன் சந்தைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். தையல்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.