நாங்கள் நிற்காத இடது பக்கம்

பிள்ளைகளே, போன கிழமை நான் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "அப்பா, எப்பவும் தோக்கிற ரீமை ஏன் பாக்கிறீங்கள்? சேஞ் பண்ணுங்கோவன்" என்றீர்கள். அதற்குப் பதில்தான் இது. நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் வந்து குடியேறிய வோபர்னில், ஒரு பாடசாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எங்கள் ஊர்க் கழகம் ஞாயிறு தோறும் உதைபந்தாடும். ஊரில் இருந்த அதே கழகம்தான். சண்டைக்குத் தப்பி வந்து சேர்ந்தவர்களை வைத்து இங்கே திரும்பக் கட்டினார்கள். மைதானத்துக்கு மேலால் பெரிய மின்கம்பிகள் போகும். ஈரமான நாட்களில் அவை இரையும். யாரோ வாய்க்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும்.

கழகத்தை நடத்தியவரைக் கப்டன் அண்ணை என்போம். ஊரில் இடது பக்கம் ஓடியவன் அவருடைய தம்பி. கொழும்புக்கு வெளிக்கிட்டவன் அங்கே போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய பதினோராம் இலக்க ஜேர்சியைப் போல ஒன்றை இங்கே தைப்பித்து, மடித்துத் தன் பையில் வைத்திருப்பார் கப்டன் அண்ணை. எவருக்கும் கொடுக்கமாட்டார். "அவன் வருவான். வரேக்கை இடம் இருக்க வேணும்" என்பார். அதனால் எங்கள் ரீம் பத்துப் பேரோடு இறங்கும். தோற்கும்.

பார்க்கப் போகிற நாங்களும் அவனுக்கென்று விட்ட அந்த இடது பக்கக் கோட்டில் நிற்பதில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை, வழக்கமாகிவிட்டது. பாதி ஆட்டத்தில் ரீம்கள் பக்கம் மாறும்போது நாங்களும் கதிரைகளையும் தேநீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு எதிர்க்கரைக்கு மாறுவோம். மற்ற ரீமின் ஆதரவாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களில் ஒரு பகிடிக்காரர் இருந்தார்.

"என்ன அண்ணை, உங்கட பதினோராவது ஆளுக்கு பஸ் பிந்திட்டுதோ?"

"வருவார். நீர் உம்மட கோலைப் பாரும்" என்பேன் நான்.

மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர், நல்ல இடதுகால்காரர், ஒவ்வொரு ஞாயிறும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்பார். அவரை இறக்கினால் வெல்லலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் கப்டன் அண்ணையை நெருக்கவில்லை. எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் தகவல் இல்லாத ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் உங்கள் பெரியப்பா. அந்த இடத்தை நிரப்பினால், எங்களுடைய ஆட்களும் இனி வரமாட்டார்கள் என்று நாங்களே வாயால் சொன்னதாகிவிடும். அதற்குத்தான் பயந்தோம். தோல்வி எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு ஒக்ரோபர் பின்னேரம். பனிப்புகார் இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. எங்கள் நடு ஆட்டக்காரர், ஊர்ப் பழக்கத்தில், பந்தை இடது பக்கம் தட்டிவிட்டார். பந்து புகாருக்குள் மறைந்தது. எப்போதும் அது வெளியே போய்க் கம்பிவேலியில் அடிபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை.

பிறகு பந்து திரும்பி வந்தது. முழங்கால் உயரத்தில், உள்ளே வளைந்து, நேராகக் கோலின் முன்னால். எங்கள் ஆள் ஒருவர் காலை நீட்டினார். உள்ளே போனது. மத்தியஸ்தர் விசில் ஊதிக் கோல் என்று கையைக் காட்டினார்.

ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்த வளைவை நாங்கள் ஊரில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். கோலுக்குப் பின்னால் நின்ற பகிடிக்காரர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணை, அங்காலை ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"இல்லை அண்ணை. நான் ஓடுற சத்தம் கேட்டனான்."

கப்டன் அண்ணை பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கறுத்துப் புகாருக்குள் நடந்தார். மத்தியஸ்தர்கூட ஆட்டத்தைத் தொடங்காமல் நின்றார். திரும்பி வந்தபோது ஜேர்சி கையில் இருந்தது. நேரே மட்டக்களப்புக்காரரிடம் போனார்.

"தம்பி, இந்தாரும். போட்டுக்கொண்டு இறங்கும்."

"அண்ணை, அவர் வந்தா என்ன செய்யிறது?"

"வந்திட்டுப் போயிட்டான். இனி அவனை மறிச்சு வைக்கக்கூடாது."

அன்றும் தோற்றோம். அதன் பிறகு வேறு வேறு ஊர்க்காரர் வந்து சேர, ரீம் மெல்ல மெல்ல எழும்பியது. வெல்லத் தொடங்க இன்னும் காலம் எடுத்தது. நாங்கள் பொறுத்திருந்தோம். பொறுத்திருப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அன்று பந்து கல்லில் பட்டுத் திரும்பியதா, வேறென்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கப்டன் அண்ணையிடம் நான் கேட்டதுமில்லை.

அன்று எல்லோரும் காருக்குப் போன பிறகு நான் தனியாக எதிர்க்கரைக்கு நடந்தேன். நடக்க நடக்க ஈரப்புல்லில் என் கால் தடம் மட்டும் புதிதாக விழுந்தது. மேலே கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்தக் கோலுக்கு ஒருவருமே கைதட்டவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்பளிக் கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். புகாரைப் பார்த்தபடி, கை நோகும்வரை தட்டினேன்.