மூதூர் ராத்தா படித்த சீட்டு

எழுபதுகளின் நடுப்பகுதி. பாண் வாங்க விடியமுன் பேக்கரிக்குப் போய் வரிசையில் நின்ற காலம். எனக்கு முதற்பிள்ளை வயிற்றில். ஏழாம் மாதம் கால்கள் வீங்கி, பிரஷரும் ஏறியதும், டொக்டர் என்னை வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார். படுத்திருக்கவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும். வேறு வைத்தியம் இல்லை. நான் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தவள். நாள் முழுக்க நின்று கத்திப் பழகிய உடம்புக்கு, சும்மா கிட என்பது பெரிய தண்டனையாக இருந்தது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. தேயிலைக் கப்பல் வந்துவிட்டால் அவர் பகல் பார்வையாளர் நேரத்துக்கு வரமாட்டார். கப்பல் ஊதுவது கட்டிலில் கேட்கும்போது, இன்றைக்கும் அம்மாதான் சாப்பாடு கொண்டுவருவார் என்று விளங்கிக்கொள்வேன்.

வார்ட்டின் கடைசியில், யன்னலோரமாக மூன்று கட்டில்கள். நடுக்கட்டில் என்னுடையது. இடப்பக்கத்தில் மூதூரில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ரீச்சர் என்றார். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பிறகு அவருக்கு இது மூன்றாவது. வயிற்றில் பிள்ளை தலை கீழே வராமல் குந்திக்கொண்டிருந்தது. டொக்டர் இரண்டு கைகளாலும் வயிற்றை அமுக்கித் திருப்பிப் பார்த்தார். அது அரைவாசி திரும்பிவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே போய் இருந்துகொண்டது.

டொக்டருக்குத் தமிழ் வராது. அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் ராத்தாவுக்குத் தமிழில் சொல்வேன். தானாகத் திரும்பினால் நல்லது, இல்லாவிட்டால் ஒப்பரேஷன் என்பதைத்தான் அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் சொன்னார். அந்தச் சொல் வந்ததும் ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவருடைய மச்சாள் ஒருத்தி ஒப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கணவர் மூதூரில் விறகுகாலை வைத்து விறகு விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஏலுமான நாட்களில் கடலைக் கடந்து லாஞ்சியில் வந்து போவார்.

வலப்பக்கக் கட்டிலுக்கு ஒரு மத்தியானம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உப்புவெளிக் கடற்கரையில், கிடுகுக் கொட்டிலில் வாடகைக்கு இருந்தவர்களில் ஒருத்தி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மூன்றாம் மாதம், இரத்தம் படுகிறது என்றார்கள். கூட வந்த தாடிக்காரப் பொடியன் கட்டிலுக்குக் கிட்ட நின்று அவளுடைய பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், வந்துதான் அவனை வெளியே அனுப்பினார். அவளுக்கும் அசையாமல் கிட என்பதுதான் கட்டளை.

அவள் ஹொலண்ட்காரி. ஆங்கிலம் அவளுக்கும் படித்து வந்த மொழிதான். அதனால் இருவரும் அவசரப்படாமல், சொல்லைத் தேடித் தேடிக் கதைத்தோம்.

அவளுடைய புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. எங்கள் வீடுகளில் விளையாடும் கடதாசியை விடப் பெரியது. வாசித்த பக்கத்துக்கு அடையாளம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவள் வாசிக்கவில்லை, அந்தச் சீட்டையே வெளியே எடுப்பதும் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். என்ன அது என்று கேட்டேன். டரோட் என்று சொல்லி நீட்டினாள். குறி பார்க்கிற சீட்டுக்கட்டு. கட்டு முழுவதும் சிநேகிதனிடம் இருந்தது. இது மட்டும் இவளிடம். இரத்தம் தொடங்கிய அன்று காலை தனக்கென்று எடுத்த ஒற்றைச் சீட்டாம். அதைத் திருப்பிக் கட்டுக்குள் செருகினால் வந்ததைக் கண்டு ஒளிந்துகொள்வது போலாகும் என்று கையோடு கொண்டுவந்திருந்தாள்.

படத்தில் ஒரு மரம். வெட்டி நட்ட மரம், ஆனாலும் இலை விட்டிருந்தது. அதில் ஒருவன் ஒற்றைக் காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கினான். மற்றக் கால் முழங்காலில் மடிந்து கட்டிய காலுக்குப் பின்னால் கிடந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால். தலையைச் சுற்றி, சாமிப் படங்களில் இருக்கிற மாதிரி ஒளி.

கீழே ஆங்கிலத்தில் பெயர் போட்டிருந்தது. ராத்தா எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் தடுமாறினேன். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முதலில் வாய்க்கு வருவது தூக்கில் தொங்கியவன் என்பதுதான். பிள்ளைத்தாய்ச்சிமார் மூன்று பேர் படுத்திருக்கும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது? கயிறு கழுத்தில் இல்லையே, காலில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, “கட்டித் தொங்கவிட்ட மனிசன்” என்றேன்.

குறி பார்க்கிற சீட்டு என்று கேட்டதும் ராத்தா கையை இழுத்துக்கொண்டார். அது தங்களுக்கு ஹராம் என்றார். கொஞ்சநேரம் பொறுத்து, படத்தைப் பார்ப்பதில் குற்றமில்லைத்தானே என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். பார்க்கத்தானே போகிறேன், கேட்கப் போகிறேனா என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஆனாலும் அன்றைக்குப் படத்தை வாங்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் அவள் எனக்கு அந்தச் சீட்டின் பொருளைச் சொன்னாள். இது சாவுச் சீட்டு அல்ல, அதற்கு வேறு சீட்டு இருக்கிறது. இது நின்றுபோனவனின் சீட்டு. ஒன்றுமே செய்ய ஏலாமல் கட்டுப்பட்டவன், அதை ஏற்றுக்கொண்டுவிட்டான். உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறான். கையில் பிடித்திருக்கும் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் அவனுக்கு அடுத்தது வரும். விட்டுக்கொடுத்தல் என்று சொல்லும்போது அவளுடைய கை வயிற்றில் இருந்தது. அந்தச் சீட்டு வந்த நேரமே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். அவள் அழவில்லை. பயணத்துக்குச் சாமான் கட்டி முடித்த ஒருத்தியைப் போலப் படுத்திருந்தாள்.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். வாத்தியார் வேலை செய்பவர்களுக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்கவேண்டும். எனக்கு விடை கிடைக்கவில்லை. அவனுடைய முகம்தான் பிடிபடவில்லை. கட்டித் தொங்கவிட்டவன் முகத்தில் நோவு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கோபமாவது. அவனிடம் இரண்டுமே இல்லை. படுத்த முதற் கிழமை எனக்கு எல்லாரிலும் கோபம் இருந்தது. நான் இல்லாத வகுப்பு, நான் இல்லாத குசினி, நடக்க விடாத கால்கள். பிறகு ஒரு பின்னேரம், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று ஆஸ்பத்திரி வளவுக்குள் புகுந்து மல்லிகைச் செடியை நிதானமாகக் கடித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எழும்பிப் போய்த் துரத்தவேண்டும் என்று தோன்றவில்லை. அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

ஹொலண்ட்காரி சொன்ன பொருளை எல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “அந்தப் படத்த இங்கால தாங்க” என்றார்.

கச்சான் காற்று யன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. ராத்தா படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். தலைகீழாகத் திருப்பினார். பிறகு மறுபடியும் நேராக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

“ரீச்சர், இவன் தொங்குறவன் இல்ல. இது புறக்கப் போற புள்ள.”

எனக்கு விளங்கவில்லை.

“பாருங்க. தல கீழ. கால் மேல. ஒரு கால மடக்கி வெச்சிரிக்கி. கையக் கட்டிக்கிட்டுக் கிடக்கு. கொடியும் சுத்தியிரிக்கி. முகத்தப் பாருங்களன், ஒரு வருத்தமும் இல்ல. என்ட புள்ள இப்படித்தானே கிடக்கோணும்? டொக்டர் இதத்தானே அமுக்கி அமுக்கிப் பாத்தாரு?”

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவனை வேறு எப்படியும் பார்க்க என்னால் முடியவில்லை.

“அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க” என்றார் ராத்தா.

நான் வலப்பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன். தலை, கால், மடித்த முழங்கால், கொடி. கொடிக்கு ஆங்கிலச் சொல் எனக்கு உடனே வரவில்லை. தொப்புளைத் தொட்டுக் காட்டினேன். அவள் படத்தைப் பிடுங்கிய மாதிரி வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வந்து சேர்ந்த நாளில் இருந்து அழாதவள் அழுதாள். ராத்தா பயந்து, நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, சரியாகத்தான் சொன்னேன் என்றேன்.

அன்றிலிருந்து அந்தச் சீட்டு புத்தகத்துக்குள் போகவில்லை. தண்ணீர்ப் போத்தலில் சாய்ந்து வெளியே நின்றது. அவள் சாப்பிடத் தொடங்கினாள். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பார்கள் உங்கள் ஊரில் என்று எங்களைக் கேட்டாள். பொடியன் விசா விஷயமாகக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தபோது சிரித்து வழியனுப்பினாள்.

என் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கரியரை வைத்துவிட்டு நிமிர்ந்தவரின் கண்ணில் அந்தப் படம் பட்டது.

“இதென்ன கோதாரி? தூக்கில தொங்கிறவனைப் பாத்துக்கொண்டோ கிடக்கிறாய்?”

தூக்கு இல்லை, அது பிள்ளை கிடக்கிற மாதிரி என்று நான் விளங்கப்படுத்தினேன். அம்மா கேட்கிற ஆள் இல்லை. நேரே மிஸ்ஸியிடம் போய்க் கட்டில் மாற்றித் தரச்சொன்னார். கட்டில் இல்லை என்று மிஸ்ஸி சொல்லிவிட்டார். திரும்பி வந்த அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினார். போகப் புறப்பட்டவர் நின்று, அந்தப் பெண்ணைப் பார்த்தார். தாய் தகப்பன் கிட்ட இல்லாமல் கிடக்குது என்று முணுமுணுத்து, அவளுடைய நெற்றியிலும் பூசிவிட்டார். அவள் கண்ணை மூடி ஏற்றுக்கொண்டாள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அம்மா போனார். அவர் படியிறங்கும் முன்பே ராத்தா என்னைக் கொண்டு அதைத் திருப்பி வைப்பித்தார்.

அடுத்த கிழமை, காலைத் தேத்தண்ணி கொடுத்து முடிந்த நேரம், வலப்பக்கக் கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மிஸ்ஸி ஓடிவந்து மறைப்பை இழுத்தார். பிறகு தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். மத்தியானம் திரும்பிக் கொண்டுவந்தபோது அவள் சுருண்டு படுத்திருந்தாள். டொக்டர் என்னைப் பார்த்து, பிள்ளை தங்கவில்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

பொடியன் கொழும்பால் வரவில்லை. இனி வரமாட்டான் என்று வார்ட்டுக்குள் கதைத்துக்கொண்டார்கள். மறுநாள் பின்னேரம் அவன் ஒரு தயிர்ச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் சிரித்தபடி வந்தான். அவனுக்கு அவளே சொன்னாள். அவன் சட்டியை வைக்க இடம் தெரியாமல் நின்ற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ராத்தாதான் அதை வாங்கி வைத்தார்.

ராத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்து, சொல்லச் சொன்னார்: “நான்தான் வாய வெச்சிட்டன். அது ஆசைப்படாம இரிந்துது. நான் புள்ள எண்டு சொல்லி ஆச காட்டிட்டன். மன்னிச்சிக்கச் சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் திருப்பிச் சொன்னதை, நான் கேட்ட மாதிரியே ராத்தாவுக்குச் சொன்னேன். வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பிள்ளையை இழந்துகொண்டே இருந்தாளாம். ராத்தா படத்தைப் பார்த்த பின்னேரத்தில் இருந்துதான், கொஞ்ச நாளுக்கு, அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததாம். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக ராத்தா விடவேண்டும், மன்னிப்புக் கேட்டு அதைப் பறிக்கக்கூடாது என்றாள்.

ராத்தா தன் கட்டிலின் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினார். அவள் மெதுவாக எழுந்து என் கட்டிலைச் சுற்றிப் போய் அங்கே இருந்தாள். ராத்தா சீப்பை எடுத்து, கடற்காற்றில் சடைபிடித்துப்போயிருந்த அந்தச் செம்பட்டை முடியில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிட்டார். நல்ல நேரம் எடுத்தது. இரண்டு பேரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.

அவள் போகிற அன்று, இப்போது அந்தச் சீட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. அவள் குறை நினைக்கவில்லை. தான் சீட்டுக்குறிப் புத்தகத்தில் போட்டிருந்ததைச் சொன்னதாகவும், ராத்தா படத்தில் இருந்ததைச் சொன்னதாகவும் சொன்னாள். எது சரி என்று அவள் சொல்லவில்லை. பொடியனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ராத்தாவின் பிள்ளை கடைசிவரை திரும்பவில்லை. நோக்காடு வந்த காலை, டொக்டர் இனிப் பொறுக்க ஏலாது என்றார். நான் அதை ராத்தாவுக்குச் சொல்லத் தொடங்கும் முன்பே, “விளங்குது ரீச்சர்” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. தள்ளுகட்டிலில் ஏற்றும்போது, முக்காட்டைச் சரியாகப் போட்டுவிடும்படி மிஸ்ஸியை இரண்டு தரம் அதட்டினார்.

அவருடைய கணவர் லாஞ்சியால் இறங்கி வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. மெலிந்த மனிதர். சாரத்தின் கீழ்ப்பகுதி கடல்தண்ணியில் நனைந்திருந்தது. கையில் வாழையிலையில் கட்டிய பார்சல். வெறும் கட்டிலைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார். ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை என்று சொல்லி, விறாந்தையில் இருந்த வாங்குப் பலகைக்குக் கூட்டிப் போனேன். நடக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மிஸ்ஸி கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

ஒரு மணித்தியாலமோ, கூடவோ இருக்கும். டொக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். என்னிடம்தான் சொன்னார். கிழமைக்கணக்கில் படுத்துக் கிடந்து நான் மொழிபெயர்த்ததில் அதைவிட லேசான வசனம் ஒன்று இருக்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு நேரமாகிவிட்டது.

“தாயும் சுகம். பிள்ளையும் சுகம்.”

ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. வாங்கில் இருந்து நழுவி நிலத்தில் இருந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு, மெதுவாக, “அவ பயந்தாவா?” என்று கேட்டார்.

“இல்லை. மிஸ்ஸியை ஏசிக்கொண்டுதான் போனவ” என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தார்.